தாய்மாமன் (பொறுப்பு)

பனிக்குழியில் வாழ்ந்த அறுபத்தொரு தம்பதிகளும் உடன்பிறந்தவர்கள் என்று முறைப்பெட்டி அறிவித்தபோது காலை ஏழரை மணி. ஊரே இட்லியில் கை வைத்திருந்த நேரம்.

ஒவ்வொரு வீட்டுத் திரையிலும் ஒரே வாசகம் வந்தது: ‘உங்கள் திருமணம் முறை தவறியது. கணவரும் மனைவியும் அண்ணன் தங்கை ஆவர். மேல்விவரத்துக்கு முறைப் பதிவாளரை அணுகவும்.’

அந்த முறைப் பதிவாளர் நான்தான். பெயர் தாமோதரன், வயது நாற்பத்தெட்டு, சொந்த ஊர் திண்டிவனம். நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அலுவலக வாசலில் பாதி ஊர் கூடிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் துளைப்பொறி மேஸ்திரி சென்னியப்பன், பக்கத்தில் அவர் மனைவி கோமளம்.

“ஏனுங் சார், இருவத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனதுக்கு அப்புறம் இவ என்ற தங்கச்சின்னு உங்க பொட்டி சொல்லுதுங்களே. இதைய முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்குமுங்களே” என்றார் சென்னியப்பன்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்களாமா?” என்று கேட்டாள் கோமளம்.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அம்மிணி.”

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிலாவின் தென்முனையில், சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தில் பனி உறைந்து கிடக்கிறது. அதைத் துளைத்து எடுத்துத் தண்ணீரும் காற்றும் ஆக்குவதுதான் பனிக்குழியின் தொழில். துளை போட ஆள் தேடியபோது, பூமியில் போர்வெல் போட்டுப் போட்டு அலுக்காத திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களே முதலில் கை தூக்கினார்கள். அது நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. மழை, பஸ், சாதி மூன்றையும் கீழேயே விட்டுவிட்டு வந்தார்கள். மழைக்கு மட்டும் இன்னும் ஏங்குகிறார்கள். ஆனால் முறை சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் வாயோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தமே இல்லாத கூட்டம், வந்த வாரமே அண்ணா, அக்கா, தம்பி என்று ஆரம்பித்துவிட்டது.

சின்ன ஊரில் கல்யாணம் சிக்கலான விஷயம். அதனால் ஊர்ச் சாசனத்தில் ஒரு விதி வைத்தார்கள். இங்கே நடக்கும் எந்தக் கல்யாணமும் ரத்தத்திலும் சரியாக இருக்க வேண்டும், முறையிலும் சரியாக இருக்க வேண்டும். ரத்தத்தைச் சோதனைக் குழாய் பார்த்துக்கொள்ளும். முறையைப் பார்க்கத்தான் முறைப்பெட்டி. ஊரில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் நாளிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. யார் சொன்ன எதையும் மறப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதைக் கண்டால் கொஞ்சம் பயம்.

கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியிடம் சண்டைக்குப் போனேன்.

“என்ன இது? ஊரையே கலைச்சுட்டியே!”

“பதிவாளர் அவர்களே, ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்” என்றது பெட்டி. அதற்கு எப்போதும் அச்சடித்த தமிழ்தான். “ருக்மணி அம்மாள், சென்னியப்பனை அண்ணா என்கிறார். சென்னியப்பனின் மனைவி கோமளத்தை அக்கா என்கிறார். ஒரு பெண்ணின் அண்ணனும் அதே பெண்ணின் அக்காவும் ஒருவருக்கொருவர் யார்?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் அண்ணா என்றால் அவர் மனைவி அண்ணி. அவள் அக்கா என்றால் அவள் புருஷன் மாமா. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? புருஷனை அண்ணா என்போம், பெண்டாட்டியை அக்கா என்போம், இரண்டு பேர் கையாலும் காப்பி வாங்கிக் குடிப்போம். பனிக்குழியில் எல்லோரும் எல்லோரையும் இருபத்தேழு வருடமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“இருபத்தேழு வருஷமா சும்மா இருந்துட்டு இன்னிக்கு ஏன் சொல்றே?”

“இதுவரை யாரும் கேட்கவில்லை. ஊரில் இருந்த தம்பதிகள் எல்லோரும் பூமியிலேயே மணமாகி வந்தவர்கள். நேற்று மாலைதான் முதல் கல்யாண விண்ணப்பம் வந்தது. அதற்காக ஊர் முழுதையும் கணக்கிட்டேன்.”

சாசனத்தைப் புரட்டினேன். நான்காம் பிரிவு என்னைக் காப்பாற்றியது: எழுத்தில் பதிவான உறவு வாய்ச்சொல்லை வெல்லும். அறுபத்தொரு கல்யாணங்களும் எழுத்தில் பதிவானவை. ஆகவே யாரும் யாருக்கும் தங்கை இல்லை. பத்து மணிக்குள் அறிவிப்பை வாபஸ் வாங்கினோம். ஊர் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனது. சென்னியப்பன் முகம் கொஞ்சம் வாடின மாதிரி எனக்குத் தெரிந்தது. கோமளத்திடம் அதைச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு பேர் மட்டும் வாசலிலேயே நின்றார்கள். சென்னியப்பன், கோமளம் மகன் சேந்தன், வயது இருபத்தைந்து. ருக்மணியின் மகள் தும்பை, வயது இருபத்து மூன்று. நிலாவில் பிறந்த பிள்ளைகள். அந்த முதல் விண்ணப்பம் இவர்களுடையதுதான்.

“எங்களுது என்னாச்சுங் சார்?” என்றாள் தும்பை.

பெட்டியே பதில் சொன்னது. “ரத்தத்தில் தடை இல்லை. முறையில் தடை உண்டு. உங்கள் இருவரின் தாய்மாரும் அக்கா தங்கை. அக்கா தங்கை மக்கள் உடன்பிறப்புகள்.”

“எங்கம்மா அவங்கப்பாவ அண்ணான்னும் கூப்புடுதுங்களே! அப்படிப் பாத்தா எனக்கு மாமன் மவன்தானுங்களே?”

“முரண் வந்தால் முந்திச் சொன்ன சொல்லே செல்லும். உங்கள் தாய் அக்கா என்றது ஊருக்கு வந்த மூன்றாம் நாள். அண்ணா என்றது ஒன்பதாம் நாள்.”

“ஆறு நாள்ல போச்சா?” என்றான் சேந்தன்.

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. காரணம் இருந்தது. நிலாவின் மறுபக்கத்தில் புதிதாக ஒரு துளைப்பொறி நிலையம் போடுகிறார்கள். ஆறு வருட வேலை. கல்யாணமாகாதவர்களைத்தான் அனுப்புவார்கள். சேந்தன் பெயர் பட்டியலில் முதலாவது. கப்பல் எட்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் கல்யாணம் பதிவானால் அவன் இங்கே இருப்பான். இல்லையென்றால் ஆறு வருடம் கழித்துத்தான் தும்பையின் முகத்தைப் பார்ப்பான். திரும்பி வந்த பிறகும் அதே தடை அப்படியே காத்திருக்கும்.

அதோடு போகவில்லை. முந்திச் சொன்ன சொல் என்று பார்த்தால், நிலாவில் பிறந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அண்ணன் தங்கைகள். ஊரில் யாரும் யாரையும் கட்ட முடியாது. சாசனத்தைத் திருத்தலாம்தான், ஆனால் பூமியிலிருந்து ஒப்புதல் வரக் குறைந்தது நான்கு மாதம்.

வாய்ச்சொல்தானே, அதையே திருப்பி வாங்கிவிடலாம் என்று ருக்மணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். காய்கறிக் கூடத்தில் வேலை செய்கிறவள். மண் கையோடே வந்து நின்றாள்.

“கோமளத்தை அக்கான்னு சொன்னது சும்மா மரியாதைக்கு, மனசுல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. பெட்டி ஏத்துக்குதான்னு பாக்கலாம்.”

“அதெப்படிங் சார் எழுதறது? பொய்யில்லீங்களா?” அவள் கண் கலங்கிவிட்டது. “வந்த மூணாம் நாள் காத்துக் கசிஞ்சுது. ஒரே ரூம்புல நாப்பது நாள் அடைஞ்சு கெடந்தோம். எனக்கு மாஸ்க்கு பத்தல. அந்த மவராசி தன்னோடதக் கழட்டி எனக்குப் போட்டுட்டு, மாத்தி மாத்தி மூச்சு உட்டோம். அக்கான்னு சொன்னது வாயில்லீங், உசுரு. எனக்கும் எம்புள்ள கல்யாணம் நடக்கோணும்னுதான் ஆசை. ஆனா அந்த வார்த்தையப் பொய்யின்னு எங்கையால எழுதமாட்டேனுங்.”

எழுதித் தா என்று இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஐந்து நாள் ஓடியது. நான் சாசனத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் சேந்தன் வந்தான், கையில் ஒரு புகைப்படத்தோடு.

“மூட்டை கட்டும்போது கெடச்சுதுங் சார். அம்மா உங்ககிட்டக் குடுத்துட்டு வரச் சொல்லுச்சு. எனக்குக் காது குத்துனப்ப எடுத்ததாமா.”

படத்தில் இருபத்து நான்கு வயதில் நான், எலும்பும் தோலுமாக. என் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை. குழந்தை என் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருக்கிறது. நான் கண்ணை இறுக்க மூடியிருக்கிறேன்.

“அன்னைக்கு நான் அழுவலையாமா. நீங்கதான் அழுதீங்களாமா” என்று சிரித்தான் சேந்தன். பிறகு சட்டென்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “போயிட்டு வர்றனுங் சார்.”

அவன் போன பிறகு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது குத்தக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு ஊரில் இருந்த ஆண்கள் எல்லோரும் சென்னியப்பனுக்கு அண்ணன் தம்பி முறை ஆகிவிட்டார்கள். குழந்தைக்குப் பெரியப்பா, சித்தப்பா ஏகப்பட்ட பேர், மாமன் ஒருவன்கூட இல்லை. முறையே இல்லாத ஒரே ஆண்பிள்ளை, இரண்டாம் கப்பலில் தனியாக வந்து இறங்கிய நான். ‘சார், செத்த நேரம் உக்காருங் சார்’ என்று கோமளம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

எனக்கு முறை இல்லாததற்குக் காரணம் என் பதவி. பதிவாளருக்கு ஊரில் உறவே இருக்கக் கூடாது, இருந்தால் பட்சபாதம் காட்டுவார் என்பது விதி. வருடா வருடம் தை முதல் தேதி பெட்டி எனக்கு ஒரு சான்று தரும்: ‘உறவினர்: 0. பதவிக்குத் தகுதி: உண்டு.’ இருபத்தாறு வருடமாக ஊரில் எல்லோருக்கும் நான் சார். பொங்கலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் எனக்குப் பொங்கல் வரும். ஒரு வீட்டிலும் என்னைப் பந்தியில் உட்காரச் சொன்னதில்லை. அந்தச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டி, பெருமையாகத்தான் வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், சில நாள் அதைப் பார்க்கவே பிடிக்காது.

காதுகுத்துப் பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: ‘தாய்மாமன் (பொறுப்பு): தாமோதரன்.’

ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தாய்மாமன் என்று வெறுமனே எழுதினால் உறவாகிவிடும், வேலை போய்விடும். அதனால் அலுவலக வழக்கப்படி, தற்காலிகம் என்று காட்டப் பக்கத்தில் ஒரு ‘பொறுப்பு’ போட்டிருக்கிறேன். தாய்மாமன் பதவிக்கு இப்படி ஒரு பொறுப்பு நியமனம் உலகத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

“இது எழுத்துதானே? வாய்ச்சொல்லை ஜெயிக்குமா?” என்று பெட்டியைக் கேட்டேன்.

“அடைப்புக்குறியில் உள்ள சொல்லை நீக்கினால் ஜெயிக்கும்” என்றது பெட்டி. “நீங்கள் கோமளத்தின் உடன்பிறந்தவர் ஆவீர்கள். சேந்தன் உங்கள் மருமகன். உங்களுக்கு மகள் முறையாகும் பெண்ணை அவர் மணக்கலாம்.”

“எனக்கு ஏது மகள்?”

“மனைவியின் அக்காள் மகள், மகள் முறையாவாள்.”

“எனக்கு மனைவியும் இல்லையே.”

“அது என் கணக்கில் உள்ள குறை அல்ல, பதிவாளர் அவர்களே.”

தும்பையின் அம்மா ருக்மணிக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள். பெயர் தெய்வானை. ஊரின் காற்றுக்கூடத்துக்குத் தலைவி. பத்தொன்பது வயதில் அக்காவோடு வந்தவளுக்கு இப்போது நாற்பத்தாறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் அறைக் காற்றுக்குழாயில் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் ஏதாவது கோளாறு வரும். மூன்று நாளும் நான்கு மணிக்குக் கையில் ஸ்பானரும் தேநீர் பிளாஸ்க்குமாக அவளே நேரில் வந்து பார்ப்பாள். இருபது வருடமாகப் பழுது பார்த்தும் அந்தக் குழாய் சரியாகவில்லை. அது சரியாகிவிடக் கூடாது என்று நான் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது பெட்டிக்குத் தெரியாது, நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எது முதலில், எது அடுத்தது என்று யோசித்தேன். தெய்வானையிடம் பேச வேண்டும். அதைவிடச் சுலபமானது அடைப்புக்குறியை நீக்குவது, ஒரு விரல் வேலை. பயந்த குமாஸ்தா எப்போதும் சுலபமானதைத்தான் முதலில் செய்வான். பதிவேட்டுத் திரையைத் திறந்து, ‘பொறுப்பு’ என்ற சொல்லைத் தொட்டு, நீக்கு என்ற கட்டத்தின் மேல் விரலைக் கொண்டுபோனேன்.

“கையை எடுங்க!”

வாசலில் தெய்வானை நின்றாள். கையில் ஸ்பானர், மறுகையில் பிளாஸ்க். நான் பயந்துபோய்க் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன்.

“அதைய இப்ப அழிச்சீங்கன்னா என்னாகும்னு தெரியுமுங்களா?”

“சேந்தனுக்குத் தாய்மாமன் ஆயிடுவேன்.”

“கோமளத்துக்கு அண்ணனாயிருவீங்க. நான் கோமளத்தை என்னன்னு கூப்பிடறேன்?”

“அக்கான்னு.”

“அப்ப நான் உங்களுக்கு யாருங்க?”

தங்கை! அந்த விரலை அரை அங்குலம் இறக்கியிருந்தால், எந்தக் கல்யாணத்துக்காக இவ்வளவு பாடுபட்டேனோ அது என்றைக்கும் நடக்காது. தும்பை கல்யாணமும் போயிருக்கும், என்னுடையதும் போயிருக்கும்.

தெய்வானை பிளாஸ்க்கை மேசைமேல் வைத்தாள். “எந்த வால்வை மொதல்ல தொறக்கோணும், எதைய அப்புறம் தொறக்கோணும்னு தெரியாத ஆள நான் காத்துக்கூடத்துக்குள்ளயே உடமாட்டேன். நீங்க என்னடான்னா ஊரோட சொந்தத்தையே கையில வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க.”

“அப்ப எது முதல்ல?”

“இன்னைக்கு உங்களுக்கு ஊர்ல சொந்தம் எத்தனை?”

“பூஜ்யம்.”

“அப்ப நீங்க யாரக் கட்டுனாலும் முறை தப்பாது. மொதல்ல கல்யாணம். அது எழுத்துல ஏறிப்போயிரும். அப்புறமா அந்தப் பொறுப்பை அழிங்க. எழுத்து முன்னாடி நான் அக்கான்னு சொன்ன வாய்ச்சொல்லு நிக்காது, கோமளம் எனக்கு நாத்தனாராயிருவா. எங்கக்கா மவ உங்களுக்கு மவ முறை. உங்க தங்கச்சி மவன் உங்களுக்கு மருமவன். அதுக ரெண்டும் கட்டிக்கலாம்.” அவள் மூச்சு வாங்கினாள். “காதுகுத்துல நீங்க அதைய எழுதுனப்ப பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். என்ன மனுசன் இது, தாய்மாமனுக்கெல்லாம் பொறுப்புப் போடுதேன்னு அப்ப சிரிச்சேன். இந்த அஞ்சு நாளா அதையே நெனச்சுட்டிருக்கறேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் நீங்க அன்னைக்கு எழுதாம உட்டிருந்தா நான் அன்னைக்கே உங்க தங்கச்சி.”

இருபத்து நான்கு வருடமாக அந்த அடைப்புக்குறியை என் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“தெய்வானை, யாரைக் கட்டினாலும் முறை தப்பாதுன்னு சொன்னீங்க. அது… யாருன்னு…”

“இருவது வருஷமா நல்லாருக்கற கொழாயக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருக்கறேன். இன்னும் யாருன்னு கேக்கறீங்களா?” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் காது சிவந்திருந்தது.

“வேலை போயிடுமே” என்று என் வாய், என்னைக் கேட்காமலே, பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டது.

“காத்துக்கூடத்துல கணக்கெழுத ஆளில்ல. வர்றதுன்னா வாங்க. மொதல்ல இந்த டீயக் குடிங்க, ஆறுது.”

அங்கேயே, அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே, ராஜினாமாக் கடிதம் எழுதினேன். பூமியிலிருந்து புதுப் பதிவாளர் வரும்வரை யார் பார்ப்பது என்று கேள்வி வந்தது. ஊரில் உறவே இல்லாத ஆள் இனி யாரும் இல்லை. பெட்டி தன் பெயரையே சோதித்துப் பார்த்துக்கொண்டது. ‘முறைப்பெட்டி. உறவினர்: 0. தகுதி: உண்டு.’ ஆக அதுவே முறைப் பதிவாளர் ஆனது. பக்கத்தில் ‘பொறுப்பு’ என்று நான்தான் போட்டேன்.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கும் தெய்வானைக்கும் கல்யாணம். ‘மணமகனுக்கு ஊரில் முறை ஏதுமில்லை. முறையில்லாதவர் முறை தவற வழியில்லை. தடை இல்லை’ என்று பெட்டி முத்திரை போட்டது. ஒன்பதே கால் மணிக்கு, மாலையும் கழுத்துமாக, அந்த ஒற்றைச் சொல்லை அழித்தேன். தெய்வானை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள், வால்வு திறப்பதை மேற்பார்வை பார்க்கிறவள்போல.

பெட்டி ஊரையே மறுபடி கணக்கிட்டது. நான்கு நிமிடம் பிடித்தது. சேந்தனின் மூட்டை வாசலில் கட்டியபடியே கிடந்தது.

“சேந்தன், தும்பை: ரத்தத்தில் தடை இல்லை. முறையிலும் தடை இல்லை” என்றது பெட்டி.

கூரை பிய்ந்துபோகும் அளவுக்குச் சத்தம். இந்த ஊரில் கூரை பிய்ந்தால் சாவுதான், ஆனாலும் சத்தம் போட்டார்கள். எங்கள் கல்யாணம், தாய்மாமன் பதிவு ஆகிய இரண்டு எழுத்தும் உள்ளே போனதில் மற்ற உறவுகளும் வரிசையாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டன. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் இருபது பேர் ருக்மணி பக்கம், பதினெட்டுப் பேர் கோமளம் பக்கம். அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கத்தில் கட்டலாம். கணக்கு எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் தாலி கட்டி முடிப்பதற்குள் இன்னும் மூன்று விண்ணப்பங்கள் வந்துவிட்டன, அதில் ஒன்று யாருமே எதிர்பார்க்காதது.

ருக்மணி மட்டும் பெட்டியின் முன்னால் தயங்கி நின்றாள். “இனிமே கோமளக்காவ நான் அக்கான்னு கூப்புடக் கூடாதுங்களா?”

“முறைப்படி அவர் உங்கள் சம்பந்தி” என்றது பெட்டி. கொஞ்சம் பொறுத்து, “ஆனால் கூப்பிடுங்கள், அம்மா. நான் கேட்காதது போல் இருந்துகொள்கிறேன்” என்றது.

இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெட்டி ஒரு சொல்லைக் கேட்காமல் விட ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு மணிக்குச் சேந்தன் தாலி கட்டினான். இரண்டு மணிக்குக் கப்பல் அவன் இல்லாமல் கிளம்பியது. பந்தியில் நான் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன், பழக்கம். கையில் வாளியோடு வந்த சேந்தன் நின்றான்.

“மாமா, அங்க என்ன பண்ணிட்டிருக்கறீங்க? வந்து உக்காருங்க. தாய்மாமன் உக்காராம பந்தி போடக் கூடாதுன்னு அம்மா கத்துதுங்க.”

முதல் தடவை. உட்கார்ந்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தெய்வானை தன் முந்தானையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மாலையில் பெட்டியிலிருந்து எனக்குக் கடைசிச் சான்று வந்தது. ‘தாமோதரன். உறவினர்: 180. பதவிக்குத் தகுதி: இல்லை.’ ஊரின் மக்கள்தொகை, என்னையும் சேர்த்து, நூற்று எண்பத்தொன்று. பழைய சான்று இருந்த சட்டத்தைக் கழற்றி, இதை அதில் மாட்டினேன்.

பிறகு தும்பையும் சேந்தனும் பதிவில் கையெழுத்துப் போட வந்தார்கள். போட்டுவிட்டுக் கிளம்பும்போது தும்பை திரும்பி, பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

“ரொம்ப தேங்க்ஸுங்ணா!”

யாரையும் அண்ணா என்பது அவளுக்கு வாய்ப் பழக்கம். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் போகிறவனிடம்கூட அப்படித்தான் சொல்வாள். இருவரும் கை கோத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் என் சாமான்களை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்: படம், பேனா, சான்று. முறைப்பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பழுதாகிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

திரையில் ஒரு வரி வந்தது. ‘முறைப்பெட்டி. உறவினர்: 181. பதவிக்குத் தகுதி: இல்லை.’

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அது பேசியது. இருபத்தாறு வருடமாகப் பதிவாளர் அவர்களே, பதிவாளர் அவர்களே என்று மட்டும் என்னை அழைத்த குரல், இந்த முறை கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

“சித்தப்பா, ராஜினாமாக் கடிதம் எப்படி எழுத வேண்டும்?”